இடிந்த பம்பாயும் எழுந்த மாட்டுங்காவும்

நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு பல ஆண்டுகளாக மாட்டுங்காவில் ஒரு பழைய மூன்றடுக்குக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நடந்து வந்தது. சென்ற மழைக்காலத்திற்கு முன்பு அக்கட்டடம் காலி செய்யப்பட்டது. சுற்றிலும் பச்சைத் துணி கட்டினார்கள். இரண்டே வாரங்களில், மாடிப்படியின் தேக்குக் கைப்பிடி முதல் தரையில் பதித்த பூ ஓடுகள் வரை அனைத்தும் லாரியில் ஏறிச் சென்றன. பிள்ளைகள் கூடி நின்று வேடிக்கை பார்த்தனர். அவர்களுள் ஒரு சிறுமி நம்மை நோக்கி, "மாமா, இந்தக் கட்டடம் வருவதற்கு முன்னே இங்கே என்ன இருந்தது?" என்று கேட்டாள். "வயல் இருந்தது அம்மா" என்று சொல்லி நகர்ந்துவிட்டோம். அது பாதி விடையே என்பது இரவு படுத்த பின்னரே உறைத்தது. மீதி விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

நாம் வரலாற்று அறிஞர் அல்லோம். பள்ளிப் படிப்போடு நின்று, ரயில்வேயில் குமாஸ்தாவாக உத்தியோகம் பார்க்கிறோம். ஆயினும், பழைய கோப்புகளைப் புரட்டுவது நமது தொழில். ஒரு கோப்பில் எழுதப்பட்டவை எவை, எழுதாமல் விடப்பட்டவை எவை என்று பார்க்கும் பழக்கம் இருபது ஆண்டு உத்தியோகத்தில் நமக்கு வாய்த்திருக்கிறது. அப்பழக்கம் ஒன்றையே துணையாகக் கொண்டு, பழைய பம்பாயின் நடுப்பகுதி இடிக்கப்பட்ட கதையைச் சொல்லத் துணிகின்றோம். குற்றம் காணின் அன்பர்கள் பொறுத்தருள்க.

தேவியும் வீடு மாறினாள்

பம்பாய் இடிந்து இடிந்து எழுந்த நகரம். 1995-இல் இதற்கு மும்பை என்னும் பெயர் மீண்டது. அப்பெயருக்கு உரியவளாகிய மும்பாதேவியே ஒருமுறை வீடு மாறியவள். இன்று நாம் நாள்தோறும் வந்திறங்கும் சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தை அடுத்த போரிபந்தர்ப் பகுதியில் இருந்தது அவளது பழைய கோயில். 18-ஆம் நூற்றாண்டில் கோட்டைக் காவலின் பொருட்டு அக்கோயில் அகற்றப்பட்டது. பின்னர் ஜவேரி பஜார்ப் பக்கத்தில் புதிய கோயில் எழுந்தது. தெய்வத்திற்கே இந்நிலை என்றால், வாடகைக்கு இருக்கும் மனிதர் எம்மட்டு?

1803 பிப்ரவரியில் கோட்டைக்குள் பெருந்தீ மூண்டது. வடபகுதியில் பெரும்பங்கு எரிந்து சாம்பலாயிற்று. அதன் பின்பு இந்திய வணிகரும் தொழிலாளரும் கோட்டை மைதானத்திற்கு வடக்கே சென்று குடியேறும்படி ஊக்கப்பட்டனர். மாண்ட்வி, புலேஷ்வர், கல்பாதேவி முதலிய இடங்கள் நெருங்கி வளர்ந்தன. தென்னந்தோப்புகளின் ஊடே சென்ற ஒற்றையடிப் பாதைகள் சந்துகளாயின. சந்துகளின் இருபுறமும் மாடிகள் எழுந்தன.

1862-இல் சர் பார்ட்டில் பிரேயர் கவர்னராக வந்தார். அவர் காலத்தில் கோட்டை மதில்களையே இடித்துத் தள்ளினர். மதிலோடு அப்போலோ வாயில், சர்ச் வாயில், பஜார் வாயில் என்னும் மூன்று வாயில்களும் போயின. சர்ச்கேட் ரயில் நிலையத்தில் இறங்கும் நம் சகோதரர்கள், இல்லாத ஒரு வாயிலின் பெயரைத்தான் நாள்தோறும் உச்சரிக்கின்றனர். மதில் இருந்த இடத்திலும் அதனை ஒட்டிய வெளியிலும் உயர்நீதிமன்றம், ராஜாபாய் கோபுரம் முதலிய பெருங்கட்டடங்கள் எழுந்தன. 1888-இல் விக்டோரியா டெர்மினஸ் கட்டி முடிந்தது. 2004-இல் அந்நிலையத்தையும், 2018-இல் அப்பகுதிக் கட்டடத் தொகுதியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. அந்த இடிப்பினால் நகருக்குக் கிடைத்தது பெரிது. கல் மதிலுக்குள் யாரும் குடித்தனம் நடத்தவில்லை ஆதலால், அதை இடித்தபோது பாய் படுக்கையோடு தெருவில் நின்றவர் இலர். அடுத்து வந்த இடிப்பு அத்தகையதன்று.

மாண்ட்வியில் வந்த நோய்

1853 ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணேக்கு முதல் பிரயாணி ரயில் ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் பருத்தி ஆலைகள் புகை கக்கத் தொடங்கின. கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். 1891-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் பம்பாயின் மக்கள் தொகை 8,21,764. இவ்வளவு பேருக்கும் வீடு ஏது? 'சால்' என்று நாம் வழங்கும் வரிசை வீடுகள் எழுந்தன. நடுவே ஒரு நீண்ட நடை. இருபுறமும் ஒற்றை அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு குடும்பம், சில வேளைகளில் இரண்டு குடும்பம். வெளிச்சம் புகாத உள்ளறைகள் பல. கட்டடத்திற்கும் கட்டடத்திற்கும் இடையே சாக்கடை ஓடும் ஒரு முழச் சந்து.

1896 செப்டம்பரில் மாண்ட்வியில் மருத்துவர் அக்காசியோ வியேகாஸ் என்பவர் ஒரு நோயாளியைக் கண்டு, அது பிளேக் என்று அறிவித்தார். துறைமுகத்தை ஒட்டிய தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதி அது. நோய் தெருத்தெருவாகப் பரவியது. மக்கள் நகரை விட்டு ஓடினர்; 1897 பிப்ரவரிக்குள் வெளியேறியவர் ஏறக்குறைய 3,80,000 பேர் என்பது அன்றைய கணக்கு. ரயில் நிலையங்களில் பிரயாணிகளை வரிசையாக நிறுத்திச் சோதித்தனர். காய்ச்சல் கண்டவர்களை வண்டியிலிருந்து இறக்கி முகாம்களில் வைத்தனர். 1897-இல் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. 2020-இல் கொரோனா வந்தபோது நம்மை வீட்டிற்குள் இருக்கச் செய்ததற்கும் அந்தப் பழைய சட்டமே துணை நின்றது என்பதை நினைவிற் கொள்க.

வீடுகளும் சோதனைக்குத் தப்பவில்லை. சுண்ணாம்பு அடித்தனர், மருந்து நீர் பாய்ச்சினர், வெயில் உள்ளே விழ வேண்டும் என்று கூரை ஓடுகளைப் பிரித்தனர். மனிதர் வாழத் தகாதவை என்று கண்ட வீடுகளின் சுவரில் 'யு.எச்.எச்.' என்று மூன்று ஆங்கில எழுத்துகளைத் தீட்டினர். அவ்வெழுத்துகளைப் படிக்கத் தெரியாதவர்களே அவ்வீடுகளில் பெரும்பாலும் வாழ்ந்தனர். வீட்டுக்காரன் குடிபெயர்ந்தான், எங்கே பெயர்ந்தான் என்று குறித்து வைத்தவர் யார்? சுவரில் எழுத ஒரு தூரிகை இருந்தது. குடியிருந்தவன் பெயரை எழுத ஒரு பதிவேடு இல்லை.

அபிவிருத்தி டிரஸ்ட்

கவர்னர் சாண்ட்ஹர்ஸ்ட் பிரபுவின் காலத்தில், 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஏற்பட்டது. ஸ்காத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1866-இல் அமைந்த ஒரு டிரஸ்ட் இதற்கு முன்மாதிரி. புதிய தெருக்களை அமைத்தல், நெருக்கமான பகுதிகளைத் திறந்துவிடுதல், கடலைத் தூர்த்து நிலம் பெறுதல், ஏழைகளுக்குச் சுகாதாரமான வீடுகள் கட்டுதல் ஆகியவை இதன் கடமைகள். காகிதத்தில் குறை சொல்ல இடமில்லை. நோக்கமும் நல்லதே.

டிரஸ்டின் கடப்பாறை முதலில் நாக்பாடாவில் விழுந்தது. பின்னர்ப் பெருந்தெருக்களின் வேலை தொடங்கியது. அரபிக் கடலின் காற்று மேற்கிலிருந்து வீசுவது. நகரின் நெருக்கமான பகுதியோ கிழக்கே துறைமுகப் பக்கம். ஆகவே கடற்காற்று நகரின் நடுவயிற்றில் நுழையும்படி மேற்கிலிருந்து கிழக்கே அகன்ற தெருக்களை வெட்டுவது என்று முடிவாயிற்று. பிரின்சஸ் தெருவும் சாண்ட்ஹர்ஸ்ட் சாலையும் இவ்வாறு பிறந்தவை. பிரின்சஸ் தெரு இன்று ஷாமல்தாஸ் காந்தி மார்க். சாண்ட்ஹர்ஸ்ட் சாலை சர்தார் வல்லபாய் பட்டேல் சாலை. பழைய பெயர் துறைமுகப் பாதையில் உள்ள ரயில் நிலையத்தில் மட்டும் நிலைத்திருக்கிறது. வரைபடத்தில் ஒரு நேர்கோடு இழுத்தனர். அக்கோட்டின் கீழ் அகப்பட்ட வீடு, கடை, கிணறு எல்லாம் போயின.

சட்டப்படி வீட்டின் சொந்தக்காரருக்கு நஷ்டஈடு உண்டு. வீட்டிலிருந்து வரும் வாடகையைக் கொண்டே அதன் மதிப்பைக் கணக்கிட்டனர். ஆகவே, எவன் தன் வீட்டில் மிகுதியான பேரை அடைத்து வாடகை வாங்கினானோ அவனுக்கே அதிகப் பணம் கிடைக்க வழியிருந்தது! டிரஸ்டின் அதிகாரிகளே இதைக் கண்டு மனம் வெதும்பினர். மாத வாடகைக்கு இருந்த கூலிக்காரன் கணக்கிலேயே இல்லை. அவன் என்ன செய்வான்? அவனது பிழைப்பு துறைமுகத்தில் அல்லது ஆலையில். சங்கு ஊதும்போது வாயிலில் நிற்க வேண்டியவன், ஐந்து மைல் அப்பால் சென்று குடியிருக்க இயலாது. அடுத்த தெருவில் இடிக்கப்படாமல் நின்ற சாலில், முன்பே இரண்டு குடும்பம் இருந்த அறையில், மூன்றாவது குடும்பமாகப் போய்ச் சேர்ந்தான். வாடகை ஏறியது. ஒரு தெருவில் கரைந்த நெருக்கம் மறு தெருவில் தேங்கியது.

டிரஸ்ட் புதிய சால்களையும் கட்டியது. அக்ரிபாடாவில் கட்டியவை அவற்றுள் முந்தியவை. எனினும் முதல் பல ஆண்டுகளில் இடிந்த அறைகளின் வேகத்திற்குக் கட்டும் வேகம் ஈடுகொடுக்கவில்லை. கடப்பாறை ஒரே நாளில் செய்வதைக் கொத்தனார் ஓராண்டு செய்ய வேண்டும் அன்றோ?

எலி அறிந்தது, பொறியாளர் அறியவில்லை

இதில் ஒரு விதி விளையாட்டும் உண்டு. அழுகிய காற்றும் ஈர மண்ணும் பிளேக்கைப் பிறப்பிக்கின்றன என்று அன்றைய அதிகாரிகள் பலர் எண்ணினர். காற்றுக்கு வழிவிட்டால் நோய் ஓடும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் பிளேக் கிருமியை 1894-இலேயே ஹாங்காங்கில் எர்சின் என்பவர் கண்டுவிட்டார். எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி அதனைப் பரப்புகிறது என்பதை 1898-இல் சைமண்ட் என்பவர் கராச்சியில் கண்டார். அவர் சொல்லைப் பலர் நெடுநாள் நம்பவில்லை. பம்பாயிலேயே பைகுல்லாவில் இருந்து உழைத்த ஹாஃப்கின், 1897 ஜனவரியில் பிளேக் தடுப்பூசியைத் தம் உடலிலேயே முதலில் குத்திக்கொண்டு சோதித்தார்.

வீட்டை இடித்தால் எலி சாகுமா? அதுவும் அடுத்த வீட்டிற்குக் குடிபெயரும். குடியிருந்தவனும் அவ்வாறே பெயர்ந்தான். இருவரும் மீண்டும் ஒரே கூரையின் கீழ்ச் சந்தித்தனர். பிளேக் பம்பாயை விட்டு உடனே போகவில்லை. ஆண்டுதோறும் திரும்பி வந்தது. 1901-இல் எடுத்த குடிக்கணக்கில் நகரின் மக்கள் 7,76,006 பேராகக் குறைந்திருந்தனர். நாடு முழுவதும் அந்நோய்க்குப் பலியானவர் சில பத்தாண்டுகளில் ஒரு கோடிக்கு மேல்.

இவ்வளவு கூறினாலும், டிரஸ்டைத் தூற்றுவது நமது நோக்கமன்று. 1909 முதல் அதன் தலைவராக இருந்த ஓர் என்பவர், ஒவ்வோர் அறைக்கும் வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று இடைவிடாது வாதாடியவர். அதற்கு அவர் கூறிய அளவு 63½ பாகை. பாமரர்க்குப் புரியும்படி கூறினால், கட்டடம் 40 அடி உயரமாயின் அதன் எதிரே 20 அடியேனும் திறந்த வெளி வேண்டும் என்பதே அது. இன்று நாம் நம் ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் கைக்கு எட்டாமல் சற்று விலகி நிற்கிறதென்றால், அத்தகைய விதிகளுக்கு நாம் நன்றி செலுத்த வேண்டும். நோயின் காரணத்தை அவர்கள் தவறாக எண்ணினார்கள்; ஆயினும் வெளிச்சம் வேண்டும் என்றது தவறன்று. குடியிருந்தவனுக்கு மாற்றிடம் தேடுவதற்கு முன்பே கடப்பாறையை எடுத்ததுதான் தவறு.

எம்டன் மூழ்கடித்த படங்கள்

அக்காலத்திலேயே இதற்கு மாற்று வழி ஒன்றைச் சொன்னவர் இருந்தார். அவர் ஸ்காத்லாந்து நாட்டு பாட்ரிக் கெடிஸ்; தாவர நூல் கற்றவர். சென்னைக் கவர்னர் பென்ட்லாண்டு பிரபுவின் அழைப்பின்பேரில் 1914-இல் இந்தியாவுக்கு வந்தார். நகரங்களைப் பற்றி அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த படங்களும் வரைபடங்களும் வேறொரு கப்பலில் வந்தன. அக்கப்பலை, சென்னைமீது குண்டு வீசிய அதே எம்டன் கடலில் மூழ்கடித்துவிட்டது. கெடிஸ் மனம் தளரவில்லை. நண்பர்களின் துணையால் புதிய படங்களைச் சேர்த்து 1915-இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார்.

பின்னர் அவர் தஞ்சாவூர், மதுரை முதலிய நம் ஊர்களின் தெருக்களில் கால்நடையாக நடந்தார். நெருக்கமான தெருவைக் கண்டால் நேர்கோடு இழுக்கும் பொறியாளர் முறையை அவர் ஏற்கவில்லை. நல்ல மருத்துவன் நோயுற்ற இடத்தை மட்டும் அறுப்பது போல, மிகப் பாழான சில வீடுகளை மட்டும் எடுத்துவிடுக. அவ்விடத்தைத் திறந்த வெளியாக விடுக. கிணற்றையும் கோயிலையும் மரத்தையும் காக்க. ஏனைய வீடுகளைப் பழுது பார்க்க என்றார். இதற்கு ஆகும் செலவு பெருந்தெரு வெட்டுவதில் ஒரு சிறு பங்கே என்று கணக்கும் காட்டினார். குடிகள் தத்தம் இடத்திலேயே இருப்பர் என்பது இம்முறையின் பெருஞ்சிறப்பு.

இந்தூரில் அவர் செய்தது சுவையானது. தீபாவளி ஊர்வலம் எத்தெருவில் மக்கள் வீட்டைத் துப்புரவு செய்து வெள்ளையடிக்கிறார்களோ அத்தெரு வழியே வரும் என்று அறிவிக்கச் செய்தார். ஊரே விளக்குமாற்றைத் தூக்கியது! ஊர்வலத்தில் அழுக்கரக்கனின் உருவமும் பிளேக் எலியின் உருவமும் வந்தன. முடிவில் அவற்றைக் கொளுத்தினர். அரசாங்க நோட்டீசு செய்யாததை ஒரு பண்டிகை செய்தது. இப்பெரியார் 1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். அவர் வந்து சேர்ந்தபோது பிரின்சஸ் தெருவும் சாண்ட்ஹர்ஸ்ட் சாலையும் வெட்டப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

நமது வீட்டின் பிறப்பு

இனிச் சிறுமியின் கேள்விக்கு வருவோம். நகரின் நடுவை இடிப்பதானால் மக்களுக்கு வடக்கே இடம் வேண்டும் என்பதை டிரஸ்ட் தொடக்கத்திலேயே உணர்ந்தது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் ஆகிய இடங்களில் அப்போது வயல்களும் உப்பளங்களும் சிற்றூர்களும் இருந்தன. அந்நிலங்களை வாங்கிப் புதிய குடியிருப்பு அமைக்கும் திட்டம் 1899-1900-இலேயே உருவாயிற்று. ஆனால் சாலை போட்டு, மனை பிரித்து, குத்தகைக்கு விட்டு, வீடுகள் எழுவதற்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. நாக்பாடாவிலிருந்தும் மாண்ட்வியிலிருந்தும் பெயர்க்கப்பட்ட கூலிக்காரன் அதுவரை காத்திருப்பானா? காத்திருந்தாலும் இங்கு வந்த வீடுகளின் வாடகை அவனுக்குக் கட்டுபடியாகுமா?

அவன் வரவில்லை. அவனுக்குப் பதிலாக வந்தவர்கள் நாம்.

1920-களிலும் 1930-களிலும் தஞ்சை, பாலக்காடு, திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்ற வாலிபர்கள் ரயிலேறிப் பம்பாய்க்கு வந்தனர். 1915-இல் ஏற்பட்ட மாட்டுங்கா ரயில்வே தொழிற்சாலையும் பலரை ஈர்த்தது. காங்கிரீட்டில் எழுந்த மூன்றடுக்கு வீடுகளில் அவர்கள் குடியேறினர். வீட்டிற்குள்ளேயே கழிப்பறை இருப்பது ஆசாரத்திற்கு ஆகுமா என்று பெரியவர்கள் தயங்கியதும், பின்னர் அதுவே வசதி என்று கண்டதும் அக்காலத்துக் கதைகள். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. பஜனை மடங்களும் காய்கறிக் கடைகளும் உணவு விடுதிகளும் எழுந்தன. வாழையிலையும் கறிவேப்பிலையும் மல்லிகைச் சரமும் கிடைக்கும் இடமாயிற்று மாட்டுங்கா.

நம் தமிழரில் மற்றொரு சாராரின் கதை வேறு. நகரின் நடுவில் வேண்டாதவை என்று கருதப்பட்ட தோல் பதனிடும் தொழிலும் மட்பாண்டத் தொழிலும் வடக்கே சதுப்பு நிலத்திற்குத் தள்ளப்பட்டன. அந்த இடமே தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த உழைப்பாளிகள் தோல் தொழிலில் சேர்ந்து, சேற்றைத் தூர்த்து மேடாக்கி, தம் கையாலேயே வீடு கட்டினர். ஒரே மொழி பேசும் இரு கூட்டத்தார், ரயில் பாதைக்கு இப்புறமும் அப்புறமும் குடியேறினோம். ஒருவர்க்குச் சாலையும் சாக்கடையும் முன்பே போட்டுத் தரப்பட்டன. மற்றவர்க்கு அவை நெடுங்காலம் கிட்டவில்லை. ஆண்டு விழாவில் ஒரே மேடையில் தமிழ் வாழ்த்துப் பாடும்போது இதனை நாம் மறத்தலாகாது.

மீண்டும் கடப்பாறை

அபிவிருத்தி டிரஸ்ட் 1933-இல் நகராட்சியோடு இணைந்தது. அதற்கு முன்பே, கவர்னர் ஜார்ஜ் லாயிடு காலத்தில் ஏற்பட்ட அபிவிருத்தி இலாகா வொர்லி, நைகாவ், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய இடங்களில் 207 சால்களைத் தொழிலாளருக்கென்று கட்டியது. அவையே பி.டி.டி. சால்கள். ஒவ்வொரு வீடும் 160 சதுர அடி. தொடக்கத்தில் பல அறைகள் காலியாகக் கிடந்தன. சில சால்கள் சத்தியாக்கிரகிகளைச் சிறை வைக்கவும் பயன்பட்டன. பின்னர் அவை ஆலைத் தொழிலாளரின் தாயகமாயின.

இதனிடையே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையைப் பெரும்பாலும் 1940-இல் இருந்த அளவிலேயே நிறுத்தியது. குடியிருப்பவருக்கு அது கவசம். ஆனால் வாடகை ஏறாத வீட்டை வீட்டுக்காரர் பழுது பார்க்கவில்லை. 'பகடி' முறையில் கை மாறிய அறைகள் தலைமுறை தலைமுறையாகச் சிதைந்தன. மழைக்காலந்தோறும் கட்டடங்கள் விழுந்தன. ஆகவே 1969-இல் பழுதுபார்ப்பு வாரியம் அமைந்து, செஸ் வரி வாங்கும் பழைய கட்டடங்கள் 19,642 என்று கணக்கெடுத்தது. 2017 ஆகஸ்ட் 31-ஆம் நாள் பேண்டி பஜாரில் ஒரு பழைய கட்டடம் சரிந்து, முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகவே பழைய வீடு என்பதற்காகவே அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். தலைமீது விழப் போகும் கூரையை இறக்கத்தான் வேண்டும்.

இறக்கும் முறையே கேள்வி. பேண்டி பஜாரில் 2009 முதல் ஒரு சமூக டிரஸ்ட் தன் மக்களைத் தற்காலிக இடங்களில் வைத்து, பழைய கட்டடங்களை இடித்து, கோபுரங்கள் கட்டி அதே இடத்தில் மீண்டும் குடியேற்றும் வேலையைத் தொடங்கியது. வொர்லி பி.டி.டி. சால்களில் இருந்தோர்க்கு 2025 ஆகஸ்டில் முதல் தொகுதியாகப் புதிய வீட்டுச் சாவிகள் வழங்கப்பட்டன. 160 சதுர அடியில் இருந்தவர்களுக்கு 500 சதுர அடி, அதுவும் அதே வொர்லியில். நூற்றாண்டுக்கு முன் செய்யத் தவறியது இப்போது ஓரளவு செய்யப்படுகிறது என்பதில் மகிழ்ச்சியே.

தாராவிக்கு 2004-இல் திட்டம் தீட்டினர். 2022-இல் விட்ட ஏலத்தின் பின்னரே வேலை உருப்பெற்றது. 2000 ஜனவரி முதல் நாளுக்கு முன் தரைத்தளத்தில் இருந்ததைக் காட்டக் கூடியவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு என்பது ஏற்பாடு. அதன் பின் வந்தவர்க்கும் மேல்தளத்தில் இருப்பவர்க்கும் வேறிடம், வேறு நிபந்தனை. இங்கே 'காட்டக் கூடியவர்' என்னும் சொல்லைக் கவனிக்க. ஒரு குமாஸ்தாவுக்கு அச்சொல்லின் கனம் தெரியும்.

நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், மத்திய மும்பையில் ஒரு பழைய சாலில் நாற்பது ஆண்டு வாழ்ந்தவர். கட்டடம் காலியானபோது தற்காலிக முகாமுக்குச் சென்றார். மூன்று ஆண்டு என்றனர். பதினோர் ஆண்டு ஆயிற்று. இதனிடையே அவருடைய தந்தையின் பெயரில் இருந்த வாடகை ரசீதுக்கும் இவர் பெயருக்கும் ஓர் எழுத்து வேறுபாடு என்று காகிதம் திரும்பியது. 'கோவிந்தசாமி' என்பது ஓரிடத்தில் 'கோவிந்தஸ்வாமி'. அந்த ஓரெழுத்தைச் சரிசெய்ய அவர் நம்மிடம் வந்தார். மனுக்களை எழுதிக் கொடுத்தோம். தீர்வு வந்தது; அவர் மனைவி அதைக் காண இல்லை. 1897-இல் சுவரில் எழுதிய மூன்றெழுத்து பலரை வெளியேற்றியது. இன்று ரசீதில் பிழையான ஓரெழுத்து ஒருவரை வெளியே நிறுத்துகிறது.

நமக்குள் சில சொற்கள்

நம் காலனியிலும் பழைய குவார்ட்டர்ஸ்களை இடிக்கும் பேச்சு அடிபடுகிறது. மாட்டுங்காவில் தெருவுக்கொரு சொசைட்டி பில்டரோடு பேசி வருகிறது. ஆகவே அன்பர்களுக்கு ஒரு குமாஸ்தாவின் முறையில் சிலவற்றை விண்ணப்பித்துக் கொள்கிறோம்.

வாடகை ரசீது, மின்சாரச் சீட்டு, ரேஷன் அட்டை, பங்குச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே திருத்துங்கள். ஒப்பந்தத்தில் இடிக்கும் தேதி மட்டும் இருந்தால் போதாது. திரும்பி வரும் தேதியும், அதுவரை வாடகை தருபவர் யார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். கட்டடத்தில் பெயர்ப் பலகை உள்ளவர்களோடு நின்றுவிடாமல், மாடிப்படியின் கீழே இஸ்திரி போடுபவர், வாயிற்காவலர், வேலைக்கு வரும் அம்மாள் ஆகியோரையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அவர்களுக்கு நாம் வீடு தர இயலாமற் போகலாம். ஆனால் அவர்களும் அங்கிருந்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சியாவது இருக்கட்டும். இடிப்பதற்கு முன் ஒரு நாள் எல்லோரும் கூடி, மாடிப்படியையும் முற்றத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வகுப்பு இப்போது வேறோர் அன்பரின் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. அடுத்த ஞாயிறு அச்சிறுமியை அழைத்து நமது விடையைத் திருத்திக் கூறினோம்: "இங்கே வயல் இருந்தது அம்மா. அதோடு, ஊரின் நடுவில் வீடு இடிந்த ஒருவருக்காகவும் இந்த இடத்தை வைத்திருந்தார்கள். அவரால் வர முடியவில்லை. அவர் இடத்தில் நம் தாத்தாக்கள் வந்தார்கள்." சிறுமி சற்று யோசித்து, "அவர் பேர் என்ன மாமா?" என்றாள்.

அந்தப் பெயர் எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை. இனி இடியும் வீடுகளிலேனும் எழுதி வைப்போமாக. சங்கம் வளர்க, தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் தத்தம் கூரையின் கீழ் நலமுற வாழ்க.